குறிப்பேட்டுக்கு மதிப்பெண் போடுங்கள்

‘மாணவர் ஆய்வும் களப்பணியும்’ என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. தலைப்பு பெரியது. நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். மானிடவியல் மாணவர் களத்திலிருந்து திரும்பி வந்து ஆய்வேடு எழுதுகிறார். அதற்கு நாம் மதிப்பெண் போடுகிறோம். அவர் களத்தில் உட்கார்ந்து எழுதிய குறிப்பேட்டை யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டியது அதைத்தான், காக்க வேண்டியதும் அதைத்தான் என்று வாதாட வந்திருக்கிறேன். மாணவரின் முடிவுகள் சீக்கிரம் பழசாகிவிடும். ஒழுங்காக எழுதிய பதிவு பழசாகப் பழசாக விலை ஏறும். இது வெறும் ஆசைப் பேச்சா, சான்று உண்டா என்று நீங்கள் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். சான்றுகளோடுதான் வந்திருக்கிறேன்.

ஆய்வேடு எப்படி இருக்கும் என்று இந்த அரங்கில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கெட்டி அட்டை, பொன்னெழுத்து, கையொப்பமிட்ட சான்றிதழ், நன்றியுரை. முதல் அத்தியாயம் அறிமுகம். இரண்டாம் அத்தியாயம் ஆய்வுப் பகுதி: மாவட்டத்தின் மழையளவு, வெப்பநிலை, மண்வகை, ஓடும் ஆறுகள். மாவட்டக் கையேட்டில் ஏற்கெனவே அச்சான செய்தி, தட்டச்சாகி இன்னொரு முறை அட்டைக்குள் போகிறது. கடைசி அத்தியாயம் முடிவுரை: கல்வி பரவப் பரவ மரபு மாறுகிறது, போக்குவரத்து பெருகப் பெருக உறவுகள் தளர்கின்றன. இதைச் சொல்ல ஓர் ஊருக்குப் போய்த் தங்க வேண்டுமா? பேருந்துப் பயணத்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்டாலே சொல்லிவிடுவாரே! இப்படிப்பட்ட ஆய்வேடு வாய்மொழித் தேர்வில் அரை மணி நேரத்தில் தேறிவிடுகிறது, நூலக அலமாரிக்குப் போகிறது. குறிப்பேடு எங்கே போகிறது? விடுதியைக் காலிசெய்யும் நாளில் பழைய பேப்பர்க்காரரின் தராசுக்குப் போகிறது.

அந்தக் குறிப்பேட்டில் அப்படி என்ன இருக்கிறது? ஒரு பக்கத்தைத் திறந்து பார்ப்போம். களத்துக்குப் போகும் மாணவர் முதலில் செய்வது வீட்டுக் கணக்கெடுப்பு. ‘வீட்டில் எத்தனை பேர்?’ இதைவிட எளிய கேள்வி உண்டா? கேட்டுப் பாருங்கள். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் ‘ஏழு பேருப்பா’ என்பார். உள்ளேயிருந்து அவர் மனைவி ‘ஏழு பேரு எங்க இருக்கோம், நாலு பேருதான்’ என்று குரல் கொடுப்பார். இருவரும் பொய் சொல்லவில்லை. மூத்த மகனுக்குக் கல்யாணமாகி, ஒரு குழந்தையும் பிறந்து, அதே கூரையின் கீழ் தனி அடுப்பு வைத்திருக்கிறான். பெரியவர் கூரையை எண்ணுகிறார். அந்த அம்மா உலைக்கு அளந்து போடும் அரிசியை எண்ணுகிறார். ரேஷன் அட்டையை வாங்கிப் பார்த்தால் எட்டுப் பெயர். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் இளைய மகன் பெயர் இன்னும் நீக்கப்படவில்லை. ஆக நாலு, ஏழு, எட்டு. ஆய்வேட்டின் அட்டவணைக்கு ஒரே ஓர் எண் போதும். ‘சராசரிக் குடும்ப அளவு’ என்று ஒரு வரி. குறிப்பேட்டில் மூன்றும் இருக்கும், யார் எதைச் சொன்னார் என்பதும் இருக்கும், அடுப்பு எந்த மாதத்தில் பிரிந்தது, ஏன் பிரிந்தது என்பதும் இருக்கும். ஒரு கூட்டுக் குடும்பம் எப்படிப் பிரிகிறது என்று அறிய விரும்புகிறவருக்கு எது வேண்டும்? சராசரியா, அந்தப் பக்கமா?

இது ஒரு வீட்டுக் கதை. பெரிய நூல்களுக்கு வருவோம். மானிடவியல் படிக்கிற யாரும் தாண்டிப் போக முடியாத ஒரு புத்தகம் நம் நீலகிரியில் பிறந்தது. டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் எழுதிய ‘தி தோடாஸ்’, 1906-இல் வெளிவந்தது. நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களைப் பற்றியது. அவர் தோடர் மொழி அறியாதவர். மொழிபெயர்ப்பாளர் துணையோடு வேலை செய்தவர். மலையில் தங்கியது சில மாதங்கள். ஆனால் ஒரு காரியத்தை விடாப்பிடியாகச் செய்தார். ஒவ்வொரு குடும்பத்தின் கொடிவழியையும் தலைமுறை தலைமுறையாக எழுதி வாங்கினார். அது லேசான வேலை இல்லை. இறந்துபோன தம் முன்னோரின் பெயரைத் தோடர்கள் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள்; அது விலக்கு. எனவே ஒரு குடும்பத்தின் கொடிவழியை வேறு குடும்பத்தாரிடம் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. அப்படித் திரட்டிய பட்டியல்களை அவர் சுருக்கிவிடவில்லை. புத்தகத்தின் பின்னால் பட்டியல் பட்டியலாக அப்படியே அச்சிட்டார். சுமார் 30 ஆண்டுகள் கழித்து, 1935-இல், எம். பி. எமனோ என்ற மொழியியல் அறிஞர் நீலகிரிக்கு வந்தார். தோடர் மொழியைக் கற்றார். கற்ற பிறகு ஒரு செய்தி வெளிப்பட்டது. தோடர்களுக்குத் தந்தைவழிக் குலம் மட்டும் இல்லை, தாய்வழிக் குலமும் உண்டு. யார் யாரை மணக்கலாம், யார் யாரை மணக்கலாகாது என்பதில் அதற்கும் பங்கு உண்டு. ரிவர்ஸ் கண்ணுக்கு அது படவே இல்லை! உறவுமுறை ஆய்வில் கொடிவழி முறைக்கே வழிவகுத்த மனிதர், உறவுமுறையின் ஒரு பாதியைத் தவறவிட்டிருக்கிறார். அதனால் புத்தகம் குப்பைக்குப் போயிற்றா? இல்லையே. ரிவர்ஸ் சொன்ன விளக்கம் திருத்தப்பட்டது. ரிவர்ஸ் எழுதி வைத்த பெயர்களும் திருமணங்களும் நிலைத்தன. தோடர்களைப் பற்றிப் பின்னால் எழுதவந்தவர்களுக்கும் அந்தப் பட்டியல்கள் உதவின. ‘தோடர்கள் தந்தைவழிச் சமூகத்தினர்’ என்ற முடிவை மட்டும் எழுதிவிட்டுப் பட்டியல்களை அவர் எரித்திருந்தால், நமக்கு மிஞ்சியிருப்பது பாதிப் பிழையான ஒரு வாக்கியம்!

ரிவர்ஸ் பேரறிஞர், அவரோடு மாணவரை ஒப்பிடலாமா என்று கேட்பீர்கள். நியாயம். மாணவர்களையே எடுத்துக்கொள்வோம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் துறை தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்னால், 1915-இல், கில்பர்ட் ஸ்லேட்டர் என்பவர் பொருளியல் பேராசிரியராக வந்து சேர்ந்தார். கல்லூரி மாணவர்களிடம் ஒரு வினாப்பட்டியலைக் கொடுத்தார். விடுமுறைக்கு ஊருக்குப் போகிறீர்கள் அல்லவா, உங்கள் ஊரையே விசாரித்து எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார். நிலம் யாரிடம், என்ன பயிர், கூலி எவ்வளவு, அது பணமாகவா தானியமாகவா, கடன் யாருக்கு யாரிடம், என்ன சாப்பிடுகிறார்கள். அப்படி வந்த குறிப்புகளைத் தொகுத்து 1918-இல் நூலாக வெளியிட்டார். துறை பொருளியல், செய்த வேலை அசல் களப்பணி. அந்த ஊர்களில் ஒன்று, இன்றைய விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டு. அங்கே படியாள் என்ற ஏற்பாடு எப்படி நடந்தது என்று அந்தப் பதிவு காட்டுகிறது. கடன் வாங்கியவன் படியாள் ஆகிறான். அந்தக் கடன் தீர்வதில்லை, தகப்பனிடமிருந்து மகனுக்கு இறங்குகிறது. நிலம் கைமாறினால் ஆளும் கைமாறுகிறான். இதை எழுதியவர் புகழ்பெற்ற ஆய்வாளரா? விடுமுறைக்கு ஊருக்குப் போன ஒரு மாணவர்.

அந்தப் பதிவின் ஆயுளைப் பாருங்கள். 1930-களில் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்குத் திரும்பப் போனார்கள். 1961-இல் மார்கரெட் ஹாஸ்வெல் போனார். 1980-களின் தொடக்கத்தில் எஸ். குகனும் ஜோன் மென்ச்சரும் இருவேல்பட்டுக்குப் போனார்கள். 2008-இல் ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் மூவரும் போனார்கள். மாணவர் விசாரித்த 1916 முதல் 2008 வரை, ஒரே ஊர், 92 ஆண்டுகள்! வயலை மட்டும் நம்பியிருந்த கூலிக் குடும்பங்கள் எப்படி வெளிவேலைக்கு நகர்ந்தன, அரசின் நலத்திட்டங்கள் அவர்கள் கையை எப்படிப் பலப்படுத்தின, நிலக்காரர் பிடி எப்படித் தளர்ந்தது என்று நாம் இன்று ஊகிக்க வேண்டியதில்லை, அளந்து சொல்லலாம். அளவுகோலின் முதல் கோட்டைக் கிழித்தது அந்த மாணவர் கை. குறையும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் கல்லூரிக்கு வந்தவர்கள் பெரும்பாலும் யார் வீட்டுப் பிள்ளைகள் என்பது நாம் அறிந்ததே. சேரியைத் தெருமுனையில் நின்று பார்த்த கண்கள்தாம் அவை. ஆனாலும் வினாப்பட்டியல் விடவில்லை: கூலி என்ன, எத்தனை படி, எந்த மாதம் என்று எழுதச் சொன்னது, எழுதினார்கள். எழுதியவருடைய பார்வையின் சாய்வைக் கண்டுபிடிக்கவும் அந்த எழுத்துதான் இன்று நமக்கு உதவுகிறது.

இன்னொரு சான்றுக்கு, வங்கத்துப் பஞ்ச காலத்துக்கு வாருங்கள். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில்தான் இந்தியாவின் முதல் மானிடவியல் துறை 1920-களின் தொடக்கத்தில் உருவாயிற்று. 1943-இல் வங்கம் பஞ்சத்தில் விழுந்தது. கிராமத்து மக்கள் கஞ்சித் தண்ணீர் தேடி மாநகரத்து நடைபாதைகளுக்கு வந்து விழுந்தார்கள். அப்போது அந்தத் துறை என்ன செய்தது? வகுப்பறைக்குள் மண்டை ஓட்டை அளந்துகொண்டிருந்ததா? தாரக் சந்திர தாஸ் தலைமையில் துறையினர் நடைபாதைக்குப் போனார்கள். எந்த ஊர், என்ன தொழில், நிலம் இருந்ததா, எப்போது விற்றீர்கள், குடும்பத்தில் எத்தனை பேர் புறப்பட்டீர்கள், வழியில் யார் போனார்கள் என்று குடும்பம் குடும்பமாகக் கேட்டு எழுதினார்கள். வந்து விழுந்தவர்களில் பெரும்பகுதி விவசாயக் கூலிகள் என்பது அந்தத் தாள்களிலிருந்து தெரிந்தது. அந்த ஆய்வு 1949-இல் நூலாயிற்று. 1981-இல் பொருளியல் அறிஞர் அமர்த்திய சென், பஞ்சம் என்பது தானியம் இல்லாமையால் மட்டும் வருவதில்லை, வாங்கும் வழி அற்றுப்போவதாலும் வருகிறது என்று உலகுக்கு எடுத்துச் சொன்னபோது, அவர் கையாண்ட சான்றுகளில் தாஸின் ஆய்வும் இருந்தது.

சாவுக் கணக்கைப் பாருங்கள். அரசு அமைத்த விசாரணைக் குழு 1945-இல் சுமார் 15 லட்சம் பேர் மாண்டதாகச் சொன்னது. கல்கத்தாப் பல்கலைக்கழக மானிடவியல் துறை மாதிரிக் கணக்கெடுப்பு நடத்தி வந்தடைந்த எண் ஏறத்தாழ 34 லட்சம். நேரு தம் ‘டிஸ்கவரி ஆஃப் இந்தியா’ நூலில் அதை எடுத்துப் பதிந்திருக்கிறார். இந்த எண்ணின் மீதும் பின்னால் விவாதம் நடந்தது. சென் தம் கணக்கில் அதைவிடக் கொஞ்சம் குறைவாக, 30 லட்சத்தை ஒட்டிச் சொன்னார். நடக்கட்டும் விவாதம். விவாதம் நடத்த ஓர் எதிர்க்கணக்கு இருந்ததே, அதுதான் செய்தி. அந்தக் கணக்கெடுப்பு நடந்திருக்காவிட்டால் அரசு சொன்ன 15 லட்சமே கடைசி வார்த்தையாகியிருக்கும்.

மறுப்புகளுக்கு வருகிறேன். முதலில் எழும் மறுப்பு எல்லோர் நாவிலும் உள்ளது. இருபத்தொரு வயதுப் பிள்ளை, ஒரு மாதம் ஓர் ஊரில் தங்கி எழுதியதை நம்ப முடியுமா? எதைக் கேட்டாலும் ஊர்க்காரர்கள் விளையாட்டாக எதையாவது சொல்லி அனுப்பிவிடுவார்களே! இந்த மறுப்புக்கு உலகறிந்த வழக்கு ஒன்று உண்டு. கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் ஃபிரான்ஸ் போவாஸின் மாணவி மார்கரெட் மீட், 1925-இல் தம் 23-ஆம் வயதில் சமோவாத் தீவுகளுக்குப் போனார். 1928-இல் வெளிவந்த அவர் நூல், வளரிளம் பருவத்துக் கொந்தளிப்பு இயற்கையின் விதி இல்லை, பண்பாட்டைப் பொறுத்தது என்று வாதிட்டது, உலகமெல்லாம் விற்றது. மீட் 1978-இல் இறந்தார். 1983-இல் டெரக் ஃப்ரீமன் என்ற மானிடவியலர் ஒரு நூல் எழுதி அந்த வாதத்தை அடியோடு மறுத்தார். பிறகு இன்னும் ஒரு படி மேலே போய், சமோவாப் பெண்கள் வேடிக்கைக்குச் சொன்ன பொய்களை மீட் நம்பி ஏமாந்துபோனார் என்றார். மாணவி ஏமாந்தாரா இல்லையா? யார் தீர்ப்புச் சொல்வது? நல்ல வேளையாக மீட்டின் களக்குறிப்புகள் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் பத்திரமாக இருந்தன. மார்ட்டின் ஓரன்ஸ் என்ற மானிடவியலர் போய் அவற்றைப் படித்தார், 1996-இல் எழுதினார். ஏமாந்தார் என்ற குற்றச்சாட்டைக் குறிப்புகள் தாங்கவில்லை. மீட் பலரிடம் பல வழிகளில் விசாரித்திருக்கிறார். அதே மூச்சில் ஓரன்ஸ் இன்னொன்றும் சொன்னார்: மீட் நூலில் அடித்துச் சொன்ன பெரிய முடிவுகளையும் அந்தக் குறிப்புகள் தாங்கவில்லை. பிறகு பால் ஷாங்க்மன் என்ற மானிடவியலரும் அதே குறிப்புகளுக்குள் போய், ஃப்ரீமனின் வாதத்தைச் சல்லடை போட்டுச் சலித்தார். கவனியுங்கள், குறிப்பேடு யார் கட்சியிலும் சேரவில்லை. எழுதியவருக்கே எதிராகவும் சாட்சி சொல்லியது. இளம் மாணவரின் முடிவை நம்ப வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. நம்பாமல் சோதிப்பதற்குத்தான் குறிப்பேடு வேண்டும் என்கிறேன். இளமையும் அவசரமும் குறை என்றால், அந்தக் குறை உள்ளவரின் குறிப்பேடு அல்லவா முதலில் காக்கப்பட வேண்டும்?

இன்னொரு மறுப்பு நயமானது. எம். என். சீனிவாஸ் பெயரைச் சொல்லி வருவது. 1948-இல் மைசூருக்கு அருகே ஒரு கிராமத்தில் தங்கி ஆய்வு செய்தவர் சீனிவாஸ். தம் நூலில் அந்த ஊருக்கு ராம்புரா என்று பெயர் வைத்தார். 1970-இல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் அவர் நூல் எழுத உட்கார்ந்திருந்தபோது, அந்த ஆய்வு மையத்துக்கு யாரோ தீ வைத்தார்கள். அவர் ஆண்டுக்கணக்கில் வகைப்படுத்தி வைத்திருந்த குறிப்புகளின் மூன்று படிகளும் எரிந்தன. நினைவிலிருந்தே எழுதினார். 1976-இல் வந்த அந்த நூல், இந்தியக் கிராமத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றில் மிகச் சிறந்தவற்றுள் ஒன்று. பார்த்தீர்களா, குறிப்பேடு இல்லாமலே நடக்கிறதே என்பார்கள். நடக்கும், யாருக்கு? இருபது ஆண்டுக்கு மேலாக அந்தக் குறிப்புகளைப் படித்து, பிரித்து, மறுபடி எழுதி, மனத்தில் ஊறவைத்தவருக்கு நடந்தது. எரிந்தது தாள், வேலை ஏற்கெனவே நடந்து முடிந்திருந்தது. ஒரு மாதம் களத்தில் இருந்துவிட்டு மறுவாரம் தேர்வுக்குப் படிக்கப் போகும் மாணவருக்கு அந்த நினைவு எங்கிருந்து வரும்? மேலும், இருவேல்பட்டுக்குப் போனதுபோல் ராம்புராவுக்கு ஒருவர் போய், அன்று கூலி எவ்வளவு, இன்று எவ்வளவு என்று ஒப்பிட வேண்டும் என்றால், நினைவின் அழகு அவருக்குக் கைகொடுக்காது. சீனிவாஸின் நூலை இலக்கியமாகவும் மானிடவியலாகவும் கொண்டாடலாம். துறைக்கு விதிமுறையாகக் கொள்ள முடியாது.

உண்மையில் கனமான மறுப்பு வேறொன்று. அதை எழுப்ப வேண்டியவர்கள் இந்த அரங்கில் இல்லை, ஊரில் இருக்கிறார்கள். குறிப்பேட்டில் என்னவெல்லாம் இருக்கும்? எந்தக் குடும்பம் புறம்போக்கில் பயிர் வைத்திருக்கிறது, யார் வீட்டில் சாராயம் விற்றார்கள், எந்தப் பெண் வேறு சாதிப் பையனோடு போய்விட்டாள், இப்போது எந்த ஊரில் இருக்கிறாள். மாணவர் நல்லவர், நம்பிச் சொன்னார்கள். அந்தத் தாளைத் துறை அலமாரியில் வைத்தால் நாளை அதை யார் எடுத்துப் படிப்பார்? பகையாளி படிக்கலாம், காவல்துறை படிக்கலாம். நம் நாட்டில், அந்தப் பெண் எந்த ஊரில் இருக்கிறாள் என்ற செய்தி ஓர் உயிரின் விலை பெறும். இந்த மறுப்பில் பாதி முழு உண்மை. அதைத் தட்டிக்கழிக்கிற துறைக்குக் குறிப்பேடு கேட்கும் தகுதி கிடையாது. பெயர்களுக்கு எண் கொடுத்து, எண்ணுக்கும் பெயருக்குமான திறவுப் பட்டியலைத் தனியே பூட்டி வைப்பது, குறிப்பிட்ட ஆண்டுகள் வரை யாருக்கும் திறக்காமல் முத்திரையிடுவது, சொன்னவர் வந்து ‘அதை அடித்துவிடு’ என்றால் அடித்துக் கொடுப்பது, சில செய்திகளை எழுதாமலே விடுவது. இவையெல்லாம் ஆவணக் காப்பகங்கள் பழகிய முறைகள்தாம். ஆனால் எதிர்ப்பாளர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். குறிப்பேட்டைக் காக்காவிட்டால் இரகசியம் காக்கப்படுகிறதா? பழைய பேப்பர் கடையில் கிடக்கும் நோட்டுப் புத்தகத்துக்கு எந்தப் பூட்டு இருக்கிறது? பத்து ரூபாய்க்கு யார் வேண்டுமானாலும் வாங்கலாமே! இன்று அது கைப்பேசியில் ஒலிப்பதிவாக வேறு கிடக்கிறது. மாணவர் பேசியை மாற்றும்போது அது யார் கைக்குப் போகிறது? பொறுப்பாகப் பூட்டி வைப்பதைவிடப் பொறுப்பில்லாமல் தொலைப்பது பாதுகாப்பானது என்று யாரும் வாதாட முடியாது.

எல்லாம் சரி, ஊருக்கு என்ன பயன் என்ற கேள்வி எஞ்சியிருக்கிறது. எழுதிக்கொண்டு போகிறீர்கள், பட்டம் வாங்குகிறீர்கள், எங்களுக்கு என்ன? இதை நேருக்கு நேர் சந்தித்த மாணவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டாமா என்ற சிற்றூருக்கு அருகே மெஸ்குவாக்கி மக்களின் குடியிருப்பு உள்ளது. வெள்ளையர் இவர்களை ஃபாக்ஸ் என்று அழைத்தார்கள். பழங்குடியினரை அரசு ஒதுக்கீட்டு நிலத்துக்குத் துரத்திக்கொண்டிருந்த காலத்தில், 1857-இல், இவர்கள் தம் சொந்தப் பணத்தில் 80 ஏக்கர் நிலம் வாங்கி அங்கேயே தங்கிவிட்டவர்கள். 1948 கோடையில் சிகாகோப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சால் டாக்ஸ், முதுகலை மாணவர்கள் ஆறு பேரைப் பயிற்சிக் களப்பணிக்காக அங்கே அனுப்பினார். டாக்ஸே மாணவராக இருந்தபோது அதே மக்களின் உறவுமுறையை ஆராய்ந்தவர். போன மாணவர்களுக்கு உறவுமுறை விளக்கப்படம் போடுவதில் மனம் ஒட்டவில்லை. கண்ணெதிரே வேலையில்லாத் திண்டாட்டம், அதிகாரிகளோடு தகராறு, ஊருக்குள்ளேயே கட்சி பிரிவு. நாங்கள் படிப்பதோடு நிற்க வேண்டுமா, உதவவும் செய்யலாமா என்று பேராசிரியரிடம் கேட்டார்கள். அவர் தயங்கித்தான் ஒப்புக்கொண்டார். அதிலிருந்து பிறந்ததுதான் செயல் மானிடவியல். பத்தாண்டு அந்தத் திட்டம் நடந்தது. மெஸ்குவாக்கி இளைஞர்களுக்குக் கல்லூரி உதவித்தொகை ஏற்பாடாயிற்று. உள்ளூர் ஓவியரின் கைவண்ணத்தில் ஓடு செய்யும் தொழில் ஒன்று தொடங்கியது. மானிடவியலுக்கு ஒரு புதுக் கிளையையே தந்தது மாணவர்களின் கேள்வி!

ஆனால் இந்தக் கதையைக் கேட்டுக் கைதட்டிவிட்டு எழுந்துபோக நான் விடமாட்டேன். டாமாவிலேயே பிறந்து வளர்ந்த டக்ளஸ் ஃபோலி என்ற மானிடவியலர், 1990-களில் அந்தத் திட்டத்தை மறுபரிசீலனை செய்தார். உதவி என்று வந்தவர்கள் சாதித்தது எவ்வளவு, நினைத்துக்கொண்டது எவ்வளவு என்று கேட்டார். அவரால் அப்படிக் கேட்க முடிந்ததே எதனால்? திட்டத்தின் குறிப்புகளும் கடிதங்களும் அறிக்கைகளும் பாதுகாக்கப்பட்டிருந்தன. ஊருக்கு நல்லது செய்ததாக ஒரு துறை சொல்லிக்கொண்டால், செய்ததா என்று ஊர் கேட்கும்போது எடுத்துக் காட்டத் தாள் வேண்டாமா? நம்மூர் மாணவர் ஒவ்வொருவரும் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. முப்பது நாளில் அதைச் செய்வேன் என்று வாக்களிப்பவரைக் கண்டால் எனக்குப் பயம். மாணவர் ஊருக்குத் தரக்கூடியது அடக்கமான ஒன்று. அந்த ஊரின் குளம் எத்தனை ஏக்கர் இருந்தது, மடை யார் முறையில் திறந்தது, பொதுச் சுடுகாட்டுப் பாதை எந்தப் பக்கம் போனது என்று அவர் எழுதிய பக்கங்களின் ஒரு படி. பிற்காலத்தில் அந்தக் குளம் மனையாகும்போது, அது குளமாகத்தான் இருந்தது என்று சொல்ல அந்த ஊருக்கு அந்தப் பக்கம் உதவும்.

இதற்கெல்லாம் பணம் ஏது, இடம் ஏது, ஆள் ஏது என்று துறைத்தலைவர்கள் பெருமூச்சு விடுவது எனக்குக் கேட்கிறது. ஓர் இரும்பு அலமாரி, ஒரு பூட்டு, ஒரு பதிவேடு. கட்டிடம் கேட்கவில்லை ஐயா! பாடத்திட்டக் குழுவிடம் நான் கேட்பது இவ்வளவுதான். களப்பணிக்கு ஒதுக்கிய மதிப்பெண்ணில் பாதியைக் குறிப்பேட்டுக்குக் கொடுங்கள். நெறியாளர் அதை வாரம் ஒரு முறை படித்து, ‘இதை யார் சொன்னார்? கூடவே யார் இருந்தார்? அவர் மனைவியிடம் கேட்டாயா?’ என்று ஓரத்தில் எழுதட்டும். மழையளவும் மண்வகையும் நிரம்பிய அந்த இரண்டாம் அத்தியாயத்தை அடியோடு எடுத்துவிடுங்கள். குறிப்பேட்டின் ஒரு படி துறைக்கும், ஊர் விரும்பும் பகுதிகளின் படி ஊருக்கும் சேராமல் பட்டம் இல்லை என்று ஒரு வரி சேருங்கள்.

மாணவ நண்பர்களே, விதி மாறும் வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. இந்த ஆண்டு புது ஊர் தேடாதீர்கள். உங்கள் துறை நூலகத்துக்குப் போய், இருபது முப்பது ஆண்டுகளுக்கு முன் உங்களைப் போன்ற ஒருவர் எழுதிய ஆய்வேடு ஒன்றை எடுங்கள். அதன் பின்னிணைப்பில் வினாப்பட்டியல் இருக்கும். அநேகமாக அந்த நூலில் உருப்படியான பகுதி அதுதான். அந்த ஊருக்கே போங்கள். அதே கேள்விகளைக் கேளுங்கள், உங்கள் கேள்விகளையும் சேர்த்துக் கேளுங்கள். முன்பு வந்த மாணவர் என்ன எழுதிக்கொண்டு போனார், அதில் எது தப்பு என்று ஊர்ப் பெரியவர்களிடம் விசாரியுங்கள். அவர்கள் சொல்வதை உங்கள் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.